மருமகனுக்கு வெறுந் தேத்தண்ணி

கல்முனைக்குடியில் ஒரு வீட்டின் மதிப்பை அறிய வேண்டுமானால் யாரும் கூரையை அண்ணாந்து பார்ப்பதில்லை. ஓடா கிடுகா என்பதெல்லாம் மாரிகாலத்துப் பேச்சு. அந்த வீட்டுக்கு வந்த மருமகன் எந்த அளவில் வந்தார், இப்போது எந்த அளவில் இருக்கிறார் என்றுதான் பார்ப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவது இந்தக் கரையின் வழக்கம். ஒரு தாய் பெற்று வளர்த்து ஆளாக்கிய பிள்ளையை இன்னொருத்தியின் குசினியில் ஒப்படைக்கிறாள். ஒப்படைத்த பொருள் தேயாமல் இருக்கிறதா என்று ஊர் கவனிப்பது நியாயம்தானே.

இந்த அளவையில் ஜுனைதாவை வெல்ல ஊரில் ஆள் கிடையாது. கணவர் மவுத்தாகி நாலு வருசம். இரண்டு பெண்பிள்ளைகள், கொஞ்சம் வயல், ஒரு தென்னந்தோட்டம், ஊரே பேசும் கைப்பக்குவம், இவ்வளவும் அவளிடம் இருந்தன. மூத்தவள் றம்லாவுக்கு எட்டு மாதத்துக்கு முன்னர் மருதமுனையிலிருந்து மாப்பிள்ளை எடுத்தாள். மர்சூக் என்று பெயர், நெசவுக்காரன். கலியாணத்தன்று தறியிலிருந்து அறுந்து விழுந்த நூலைப் போலத்தான் வந்து இறங்கினான். சாரனுக்கு மேலே அவன் கட்டியிருந்த அகலமான பச்சை வார், இடுப்பைச் சுற்றி வந்த பிறகும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. எட்டாம் மாதம் அதே வாருக்கு ஓட்டை போதவில்லை. செருப்புத் தைக்கிறவரிடம் மூன்று தடவை போய்ப் புது ஓட்டை போட்டுக்கொண்டு வந்தான். மூன்றாவது ஓட்டை விழுந்த அன்று ஜுனைதா பள்ளிவாசலுக்குக் கஞ்சி அரிசி கொடுத்தனுப்பினாள்.

காரியம் இல்லாமல் அவள் அவ்வளவு சந்தோசப்படவில்லை. இளையவள் றாஹிலாவுக்குச் சாய்ந்தமருதில் ஸலாஹுதீன் மாஸ்டரைக் கேட்டிருந்தார்கள். படித்த பிள்ளை, குணமான பிள்ளை, ஒரே ஆண்பிள்ளை. அவருடைய தாய் ஆயிஷா உம்மா பெண்ணின் நிறத்தையும் கேட்கவில்லை, வளவின் அகலத்தையும் கேட்கவில்லை. "மூத்த மருமகன எப்படி வெச்சிரிக்காங்கண்டு பாத்துட்டுத்தான் என்ட புள்ளயக் குடுக்கிற" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். ஆகவே மர்சூக்கின் வயிறு ஒரு தனி மனிதனின் வயிறாக இல்லை. றாஹிலாவின் கலியாணம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அந்த வயிற்றுக்குள் போனவற்றைச் சொல்லிவிட வேண்டும். சுபஹுத் தொழுகை முடிந்து வந்ததும் இரண்டு முட்டை அடித்த கோப்பி. எட்டு மணிக்குப் பாலப்பமும் இறைச்சி ஆணமும். பகலைக்கு நெய்ச்சோறு, அதற்குப் பிறகு எருமைத் தயிரும் சீனியும். பின்னேரத்து அசர் தொழுகைக்குப் பிறகு ரின்பால், அதாவது தகரத்தில் வரும் கட்டிப்பால், ஊற்றிய தேத்தண்ணி. கரண்டியை அதற்குள் நட்டால் சாயாமல் நிற்கும். இரவில் இடியப்பமும் கோழியும், கடைசியில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சக்கரையும் சேர்த்து அவித்த வட்டிலாப்பத்தில் ஒரு கண்டம். மருமகன் எதையும் தன் வாயால் கேட்பதில்லை, வைத்ததை மறுப்பதுமில்லை. இரண்டுமே மரியாதைக் குறைவு. மாமியாரும் எதிரே நின்று பரிமாறுவதில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நின்றபடி, "றம்லா, பீங்கான் வெறுமையாக் கிடக்கு" என்பாள். பீங்கானில் அப்போது அரைவாசிச் சோறு இருக்கும்.

மர்சூக் நல்ல பிள்ளை. எட்டு மாதமும் மறுக்காமல் சாப்பிட்டான். ஆனால் குழித்தறிக்கு மாமியாரின் மரியாதை தெரியாது. தறியின் குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தால், நெய்த துணி சுற்றும் மரம் மடிக்கு முன்னால் குறுக்கே வரும். மரத்துக்கும் மர்சூக்குக்கும் இடையில் முன்பு ஒரு முழம் இடமிருந்தது. இப்போது மூச்சை இழுத்தால்தான் ஊடுநூல் ஓடும் நாடாவை வீச முடிந்தது. மூச்சை இழுத்துப் பிடித்த இடத்தில் நெசவு நெருங்கும், விட்ட இடத்தில் கலையும். இப்படி அலையலையாக வந்த ஒரு சாரனைப் பார்த்த மட்டக்களப்பு வியாபாரி ஒருவர், புது மாதிரி என்று நினைத்து இன்னும் மூன்று டசின் கேட்டார். அது வேறு கதை.

நெஞ்சு எரிந்தது. இரவில் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடி நித்திரை கொண்டான். மருந்து எடுக்கப் போனபோது அப்போதிக்கரி ஐயா வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "குறைச்சுச் சாப்பிடுங்க தம்பி" என்றார். அந்த மருந்தை எப்படி வீட்டுக்குக் கொண்டு போவது? திங்களும் வியாழனும் கட்டாயமில்லாத சுன்னத்து நோன்பு பிடித்துப் பார்த்தான். ஜுனைதா மருமகனின் பக்தியில் மனமுருகி, நோன்பு திறக்க இறைச்சிக் கஞ்சியும் கட்லட்டும் பேரீச்சம்பழமும், களைப்புத் தீர மேலதிகமாக ஒரு முழுக் கோழியும் வைத்தாள். மூன்றாம் வாரம் அவன் நோன்பைக் கைவிட்டான்.

இந்த நிலைமையில்தான் ஒரு பகல், துணிக்காரச் சீனர் ஹோ வந்து சேர்ந்தார்.

ஹோ இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மட்டக்களப்பிலிருந்து சைக்கிளில் வருவார். பின் கரியரில் யானைக்கால் பருமனில் ஒரு பட்டுத்துணி மூட்டை, பாரில் கட்டிய அளவு கோல், ஹாண்டிலில் தொங்கும் ஒரு சுடுதண்ணிப் போத்தல். வயது அறுபதுக்கு மேல் என்றார்கள். இருபத்தைந்து மைல் மிதித்து வந்தும் முகத்தில் ஒரு துளி வேர்வை இருக்காது. நம்முடைய றப்பரைச் சீனா வாங்க, சீனத்து அரிசி இங்கே கப்பலில் வந்து இறங்கிய வருசங்கள் அவை. வயல் ஊரில் இருந்துகொண்டு அந்த அரிசியைக் குறை சொல்லாத ஆள் கல்முனையில் இல்லை. ஹோவை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. அவர் விற்ற பட்டு சாயம் போனதில்லை.

றாஹிலாவின் கலியாணத்துக்குப் பட்டுப் பார்க்க ஜுனைதா யன்னல் திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். றம்லா மா மரத்துக்குக் கீழே பாயை விரித்துத் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கதிரையில் மர்சூக் கிடந்தான். அன்று நெய்ச்சோற்றுக்கு மேலே தயிர் இரண்டு சட்டி. நெஞ்சைத் தடவியபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹோ துணி விரிப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்.

"தம்பிக்கு நெருப்பு, இங்க" என்று தன் நெஞ்சைத் தொட்டார்.

"ஓம். நெருப்பு மட்டுமில்ல, மேல ஒரு கல்லும் இரிக்கி" என்றான் மர்சூக்.

ஹோ மூட்டையின் அடியிலிருந்து ஒரு சிறிய தகர டப்பாவை எடுத்தார். அதற்குள் இருந்ததைப் பார்த்து றம்லா முதலில் காய்ந்த வண்டு என்று நினைத்தாள். கருத்துச் சுருண்ட இலைகள். இந்தத் தீவின் மலையில் விளையும் தேயிலையெல்லாம் கப்பலேறி உலகத்தைச் சுற்றப் போய்விடும், நமக்கு மிஞ்சுவது தூள். தேயிலை என்பது ஒரு இலை என்பதையே கல்முனைக்குடி அன்றுதான் கண்டது.

இரண்டு விரலால் ஒரு கிள்ளு எடுத்து, மூடியுள்ள ஒரு கோப்பையில் போட்டு, போத்தல் தண்ணீரை ஊற்றி மூடினார். மூடியைத் திறந்தபோது நெல் வறுக்கிற மணமும் பின்னால் ஏதோ ஒரு பூவின் மணமும் வந்தன. தண்ணீர் தேன் நிறம். சுருண்டு கிடந்த இலை, நித்திரை விட்டு எழும்புகிறவன் கையைக் காலை நீட்டுவது போல மெல்ல விரிந்தது.

"ஊலொங்" என்றார் ஹோ. "பச்சை இல்ல, கறுப்பு இல்ல. நடு. இலைய வாட்டிப் பாதியில நிப்பாட்டுற. சோறு திண்டா, எண்ணெய் திண்டா, பிறகு இது. பால் போட வேணா. சீனி வேணா. தண்ணி முடிஞ்சா திரும்ப ஊத்து. அஞ்சு தடவ, ஆறு தடவ. பொழுது பட்டா வேணா, நித்திரை ஓடிப் போகும்."

"நீங்க எவ்வளவு காலமாக் குடிக்கீங்க?" என்று றம்லா கேட்டாள்.

ஹோ யோசித்தார். "பல்லு முளைக்க முந்தி இருந்து" என்றார். பிறகு சிரித்துக் காட்டினார். முப்பத்திரண்டும் இருந்தன.

மர்சூக் குடித்தான். முதலில் ஒரு சின்னக் கசப்பு. விழுங்கின பிறகு தொண்டையில் எங்கிருந்தோ ஒரு இனிப்பு. இரண்டாம் தண்ணீர் முடிந்தபோது, எட்டு மாதமாக வழி தெரியாமல் உள்ளே நின்ற ஒரு ஏப்பம் வாசலைக் கண்டுபிடித்து வெளியே வந்தது. அவன் கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். பட்டு வாங்கியவர்களுக்கு அன்பளிப்பு என்று ஹோ அந்த டப்பாவை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

யன்னலுக்குப் பின்னால் ஜுனைதா பட்டை மறந்தாள். அவளுடைய மருமகன், அவளுடைய மா மரத்துக்குக் கீழே, பாலும் இல்லாமல் சீனியும் இல்லாமல் வெறுந் தேத்தண்ணி குடிக்கிறான். கூலிக்கு வேலி கட்ட வந்தவனுக்குக்கூட அவள் ஒரு துண்டு சக்கரையாவது கடிக்கக் கொடுக்காமல் இருந்ததில்லை.

அடுத்த நாள் பகலைக்குப் பிறகு மர்சூக் அந்தத் தேத்தண்ணியைக் கேட்டபோது, ஜுனைதா தன்னால் முடிந்த அளவு நியாயமாக நடந்துகொண்டாள். ஊலொங் இலையைப் போட்டாள். பிறகு நாலு கரண்டி ரின்பால் போட்டாள். ஒரு முட்டையும் அடித்தாள். மர்சூக் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையோடு எழும்பி வாழையடிக்குப் போனான். வெறுங் கோப்பையோடு திரும்பி வந்தான். ஒரு கிழமைக்குள் அந்த வாழை குலை தள்ளியதை ஜுனைதா பிறகு எல்லோருக்கும் சொல்வாள்.

"உம்மா, அவர் அத வெறுசாக் குடுக்கச் சொல்றார்" என்றாள் றம்லா.

"வெறுசாக் குடுக்கவா? நான் என்ன, அவர வேலைக்கா வெச்சிரிக்கன்?"

"மத்ததெல்லாம் போடுங்க, நான் திங்கன். இத மட்டும் அப்படியே தாங்க எண்டு கெஞ்சிறார்."

"ஊடு எரிஞ்சாலும் பரவாயில்ல, புகை வெளிய போகப் படாது புள்ள. குசினிக்குள்ள வெச்சுக் குடிக்கச் சொல்லு."

அப்படியே நடந்தது. ஒவ்வொரு பகலும் சாப்பாடு முடிந்ததும் மர்சூக் குசினியின் மூலையில் பலகைக் கட்டையில் குந்துவான். றம்லா கேத்தலைத் தூக்கி ஊற்றுவாள். முதல் தண்ணி, இரண்டாந் தண்ணி, மூன்றாந் தண்ணி. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று ஜுனைதா தன் மருமகனைக் கவனித்தாள். அவளுக்கு அந்தத் தேத்தண்ணியின் மேல் கோபம் இருந்தது. ஆனால் அவளுக்குக் கண்ணும் இருந்தது. நாலாம் நாள் அவன் நெஞ்சைத் தடவவில்லை. ஒரு கிழமையில் படுத்து நித்திரை கொண்டான். பகல் சாப்பிட்டால் அசர் வரைக்கும் கதிரையில் கிடந்தவன், முகத்தைக் கழுவிக்கொண்டு சைக்கிளில் ஏறி மருதமுனையில் இருந்த தறிக்குத் திரும்பப் போனான். சீனியும் ரின்பாலும் போகாத வயிறு மெல்லத் தன் இடத்துக்குப் போகத் தொடங்கியது. கடற்கரை மணலில் மிதித்துப் போகிறபோது பாட்டும் படித்தானாம்.

தேத்தண்ணி செய்த நன்மையையெல்லாம் ஜுனைதா ஒப்புக்கொண்டாள். ஒன்றை மட்டும் தாங்க முடியவில்லை. வாரில் மூன்றாவது ஓட்டை முதலில் போனது. பிறகு இரண்டாவது போனது.

அடுத்த வளவில் சித்தி லைலா என்று ஒருத்தி இருந்தாள். இரண்டு வளவுக்கும் நடுவில் கிடுகு வேலி. அந்த வேலியில் ஜுனைதாவின் குசினிக்கு நேரே ஒரு கிடுகு மட்டும் வருசம் முழுக்கப் புதுப்பிக்கப்படாமல் இருந்தது. லைலா கெட்டவள் அல்ல. உலகத்தில் நடப்பதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது பாவம் என்று நினைத்தாள், அவ்வளவுதான். அவள் அந்தக் கிடுகு உக்கிய கண் வழியாகக் கண்டது இது: மாமியார் மருமகனை மண்டபத்தில் கதிரையில் இருத்தாமல் குசினியில் குந்தவைத்திருக்கிறாள். வெறுந் தேத்தண்ணி கொடுக்கிறாள். அதையும் பழைய சாயத்தில். ஒரே இலைக்கு அஞ்சு தடவை தண்ணி ஊற்றுகிறார்கள்.

மையத்து கிடக்கும் வீட்டில்கூடத் தேயிலைக்கு ஒரு தடவைதான் தண்ணி ஊற்றுவார்கள்.

கதை கிணற்றடியிலிருந்து மீன் கூடைக்கு ஏறி, கூடையோடு நடந்து சாய்ந்தமருதுக்குப் போய்ச் சேர்ந்தபோது கொஞ்சம் சதை பிடித்திருந்தது. ஜுனைதா தேயிலைச் சக்கையை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுகிறாளாம். மருமகனின் வாரில் நாலு ஓட்டை போய்விட்டதாம். தறிக்குழிக்குள் விழுந்தால் ஆளைத் தேட வேண்டியிருக்கிறதாம்.

புதன்கிழமை ஆயிஷா உம்மாவிடமிருந்து சொல்லி வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பகல் சாப்பாட்டுக்கு வருகிறோம், மூத்த மருமகனையும் வீட்டில் நிற்கச் சொல்லுங்கள். வேறு ஒன்றும் இல்லை. அதுவே போதும்.

றாஹிலா அன்று சாப்பிடவில்லை. அவள் அழவும் இல்லை. மற்றப் பக்கத்து வளவில் அவளுக்காகக் கட்டி, கூரை மட்டத்துக்கு வந்திருந்த வீட்டை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜுனைதா அதைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய், யாருக்கு என்று தெரியாமல் ஒரு சட்டி நிறைய வட்டிலாப்பம் அவித்தாள்.

வெள்ளி காலையில் மர்சூக் குளித்துவிட்டு அறைக்குள் வந்தபோது, கட்டிலின் மேல் அயர்ன் பண்ணிய சாரனும் சட்டையும் இருந்தன. பக்கத்தில் நாலாக மடித்த தடித்த துவாய் ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஒரு முழக் கயிறு.

"இது என்னத்துக்கு?" என்றான்.

றம்லா தரையைப் பார்த்தபடி, "உம்மா வெச்ச. வயித்தில வெச்சு, அதுக்கு மேல வாரக் கட்டட்டுமாம். மூணாவது ஓட்டையில. இண்டைக்கு மட்டும்" என்றாள்.

மர்சூக் ஈரத் தலையைத் துவட்டி முடித்தான். துவாயை எடுத்து வயிற்றில் வைத்தான். கயிற்றைச் சுற்றினான். துவாய் ஒரு பக்கமாகச் சரிந்தது, நேராக்கினான். மறுபடியும் சரிந்தது. பெருநாள் உடுப்புக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் போல, மனைவி முடிச்சுப் போடும் வரைக்கும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

திரைச்சீலை இடைவெளியால் ஜுனைதா பார்த்தாள். எட்டு மாதமாக அவள் எதை வைத்தாலும் அந்தப் பிள்ளை இப்படித்தான் வாங்கிக்கொண்டான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெஞ்செரிவையும் இப்படித்தான் வாங்கிக்கொண்டான்.

முதல்நாள் இரவு அவளுக்கும் நெஞ்சு எரிந்தது. கவலையில் வட்டிலாப்பத்தை ருசி பார்த்து ருசி பார்த்து அரைச் சட்டியை முடித்திருந்தாள். விடியற்காலையில் யாரும் எழும்ப முன்னர், டப்பாவைத் திறந்து ஒரு கிள்ளு இலையைப் போட்டுக் குடித்தாள். பாலில்லை, சீனியில்லை. மூன்றாந் தண்ணியில் நெருப்பு அணைந்தது. அணைந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"மகன்" என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. அவனோடு அவள் நேரே பேசுவது அது இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோதான். "அதக் கழட்டி வைங்க."

"பரவாயில்ல மாமி. ஒரு நாள் தானே."

"கழட்டுங்க மகன். எட்டு மாசமா நான் உங்களுக்கு ஊட்டின எண்டு நினைச்சன். நான் அந்த வேலிக் கண்ணுக்கெல்லுவா ஊட்டியிரிக்கன்." திரை இடைவெளியால் துவாய்க்குக் கையை நீட்டினாள். "றாஹிலாட தலையெழுத்து துவாயில இரிந்தா, அந்த நஸீபு நமக்கு வேணா."

ஜும்மா முடிந்து ஆயிஷா உம்மா மாட்டு வண்டியில் வந்து இறங்கினாள். கூட இரண்டு பெண்கள். வண்டி நின்ற சத்தம் கேட்டுச் சித்தி லைலாவும் உப்புக் கேட்டு வந்தாள். வந்தவள் உப்பை வாங்கிக்கொண்டு போகவில்லை.

ஆயிஷா உம்மா பெரிய உடம்பு, சின்னக் குரல். பாயில் உட்கார்ந்ததும், "மருமகன் எங்க?" என்றாள்.

"மண்டபத்தில சாப்பிட இரிக்கார் ராத்தா."

"அப்ப பாப்பம்."

ஆக, நாலு பெண்களும் ஜுனைதாவும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று ஒரு மனிதன் சோறு தின்பதைப் பார்த்தார்கள். கரைவலை இழுக்கும்போதுகூட மடியில் என்ன வருகிறது என்று இவ்வளவு உன்னிப்பாக யாரும் பார்த்ததில்லை.

"மெலிஞ்சுதான் போயிட்டார்" என்றாள் ஆயிஷா உம்மா.

"நான் சொல்லல்லயா கா" என்றாள் லைலா, மெதுவாக.

ஜுனைதா மருமகனின் பீங்கானையே பார்த்தாள்.

மர்சூக் நெய்ச்சோற்றைப் பிசைந்தான். கோழி ஆணத்தை ஊற்றினான். தின்றான். முன்பெல்லாம் அவன் தின்பது, அணைக்கட்டுக்கு மண் மூட்டை அடுக்குவது போல இருக்கும். இன்று பசியோடு தின்றான். பசி என்பது எப்படி இருக்கும் என்று மறந்துபோன ஒருவன் அதைத் திரும்பக் கண்டுபிடித்த மாதிரி, எலும்பைக் கடித்து, விரலை நக்கி, இரண்டாம் முறை வைத்ததையும் முடித்தான். றம்லா வட்டிலாப்பம் ஒரு கண்டம் வைத்தாள். அதுவும் போனது. பிறகு அவன் வெறும் பீங்கானைப் பார்த்தான். திரைச்சீலைப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"மாமி, இன்னொரு கண்டம் இரிக்கா?"

திரைக்குப் பின்னால் ஐந்து பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

மருமகன் தன் வாயால் கேட்டுவிட்டான். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் பத்து வருசமாக ஒரே வீட்டில் இருக்கிற மருமகன்மார் இருக்கிறார்கள். ஒருவன்கூட ஒரு சொட்டு ஆணம் கேட்டதாக வரலாறு இல்லை. பெற்ற தாயிடம்தான் பிள்ளை கேட்கும். ஆயிஷா உம்மாவுக்கு மூன்று மருமகன்மார். மூவரும் அவள் வீட்டில் நன்றாகத்தான் தின்றார்கள். மூவருடைய குரலும் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"இரிக்கி மகன். சட்டியோட இரிக்கி" என்றாள் ஜுனைதா. பிறகு, யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தாள். திரையை விலக்கிக்கொண்டு தானே போய்ப் பரிமாறினாள்.

பெண்கள் சாப்பிட்டு முடித்ததும் ஜுனைதா அலுமாரியைத் திறந்தாள். மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும் வெளியே வரும் பித்தளைத் தட்டு, அதன்மேல் பூவேலை செய்த துணி, துணியின்மேல் கணவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஆறு சீனக் கோப்பை. குசினி மூலையில் ஒளித்து வைத்திருந்த டப்பாவை மண்டபத்தின் நடுவில் வைத்தாள். எல்லோருக்கும் முன்னால் இலையைப் போட்டு, எல்லோருக்கும் முன்னால் தண்ணீரை ஊற்றினாள்.

"பால்?" என்று கேட்டாள் லைலா.

"இல்ல."

"சீனி?"

"இல்ல. என்ட மருமகன் இப்படித்தான் குடிக்கிற. அவருக்கு நல்லதெண்டு கண்டத நான் குடுக்கன். ஒளிச்சுக் குடுத்ததுதான் என்ட பிழை." முதல் தண்ணியை மர்சூக்குக்கு அனுப்பினாள். திரும்பவும் தண்ணீர் ஊற்றி, இரண்டாந் தண்ணியை ஆயிஷா உம்மாவின் முன்னால் வைத்தாள். "முதல் தண்ணியில இலை எழும்புற. ருசி ரெண்டாந் தண்ணியில."

ஆயிஷா உம்மா ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "கசாயம் மாதிரி இரிக்கி."

"ஓம் ராத்தா."

"கசாயத்தில இவ்வளவு மணம் இல்ல." இன்னொரு வாய் குடித்தாள். வயிறு நிறைய நெய்ச்சோறு இருந்தது. வண்டியில் திரும்பப் போகும் குலுக்கலை அவள் வந்ததிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். பிறகு ஒரு சத்தம் வந்தது. கூட வந்தவர்கள் மரியாதைக்குக் கூரையைப் பார்த்தார்கள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஆயிஷா உம்மா, சின்னக் குரலில். "மூணாந் தண்ணி இரிக்கா?"

நாலாந் தண்ணிக்குத்தான் அவள் வந்த காரியத்தைப் பேசினாள்.

"ஜுனைதா, தேத்தண்ணி நல்லம். ஆனா நான் புள்ளயக் குடுக்கிறது தேத்தண்ணிக்கில்ல. அந்தப் புள்ள வாய் தொறந்து கேட்டிச்சே, அதுக்கு. என்ட மகனும் கூச்சக்காரன். பள்ளிக்கூடத்தில சோக்குக்கட்டி முடிஞ்சாலும் கேக்க மாட்டான். இந்த ஊட்டில அவனும் ஒரு நாள் கேப்பான்." கோப்பையின் அடியில் விரிந்து கிடந்த இலைகளைப் பார்த்தாள். "ஒண்டு மட்டும். முதல் நாப்பது நாளும் எங்கட வழக்கப்படி ஊட்டணும். நாப்பத்தொராம் நாள்ல இருந்து இதக் குடுங்க."

"முதல் நாள்ல இருந்து ரெண்டையும் குடுக்கன் ராத்தா" என்றாள் ஜுனைதா.

உள்ளே றாஹிலா இரண்டு நாளைக்குப் பிறகு சோறு போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ஹோ அடுத்த தடவை வந்தபோது கல்முனைக்குடியில் ஒருவருக்கும் பட்டு வேண்டியிருக்கவில்லை. ஏழு வீட்டு வாசலில் ஏழு மாமியார்கள் டப்பாவோடு நின்றார்கள். எல்லாவற்றையும் கரைக்கும் ஒரு தேத்தண்ணி இருக்கிறபோது வட்டிலாப்பத்தைக் குறைப்பதில் அர்த்தமில்லை என்று ஊர் முடிவு செய்திருந்தது. இரண்டு கண்டம் வைத்த வீடுகளில் மூன்று வைத்தார்கள். மருமகன்மார் எல்லோரும், பயந்து பயந்துதான், வாய் திறந்து கேட்கப் பழகினார்கள். அந்த இலைக்கு இதற்கு மேல் ஒரு மகிமை சொல்ல வேண்டியதில்லை. மர்சூக் ஒரு முழம் இடைவெளியோடு தறியில் உட்கார்ந்து நேரான சாரன் நெய்தான். அலை மாதிரி கேட்ட வியாபாரிக்குத்தான் நட்டம்.

ஸலாஹுதீன் மாஸ்டர் குடிவந்த நாலாம் நாள் பகல், ஜுனைதா இரண்டு மருமகன்மாருக்கும் மண்டபத்தில் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. பீங்கானை ஒரு தடவை பார்த்தார், மாமியாரை ஒரு தடவை பார்த்தார். நம்பிக்கை இருந்தது. அப்போது கிடுகு வேலிக்கு மேலால் ஒரு கை எழும்பியது. கையில் ஒரு வெறுங் கோப்பை.

"என்ன லைலா?"

"எங்கிட மருமகனுக்கு நெஞ்சு எரியிதாம் கா. எங்கிட டப்பா முடிஞ்சி." கோப்பை கொஞ்சம் முன்னுக்கு நீண்டது. "புதுசு வேணா. நாலாந் தண்ணி இரிந்தாலும் போதும்."